போலீஸைக் கைது செய்யும் அதிகாரம் யாரிடம்?

கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் மாலை நேரத்தில் டீக்கடையில் நின்றால் ஊர்ச் செய்தி எல்லாம் காதில் விழும். பிரசவத்துக்கு வந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்களோடு, அடிதடியில் காயம்பட்டு 'ஏ.ஆர். காப்பி' வாங்க நிற்பவர்களும் அங்கே இருப்பார்கள். அடித்தது யார் என்று டாக்டர் கேட்கும்போது சிலர் பதில் சொல்லாமல் தலை குனிவார்கள். அடித்தது காக்கிச்சட்டை என்றால் அதை எழுதச் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வருவதில்லை.

அப்படி ஒரு மாலையில் சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். "போலீஸ் மேல புகார் கொடுக்க ஆணையம் இருக்குன்னு சொல்றாங்களே, தப்பு செஞ்ச போலீஸை அந்த ஆணையம் கைது பண்ணுமா?" பண்ணாது என்றோம். "அப்புறம் எதுக்கு அது?" என்றார். அந்தக் கேள்விக்கு டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த வாரம் இங்கே எழுதுகிறோம்.

காஞ்சிபுரத்தில் நடந்தது

2025 செப்டம்பர் 8 அன்று காஞ்சிபுரம் மாவட்ட முதன்மை நீதிமன்றத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். வாலாஜாபாத் பகுதியில் பதிவான ஒரு வன்கொடுமை வழக்கில் எதிரிகளைக் கைது செய்யாமல் காலம் கடத்தினார் என்று சொல்லி, காஞ்சிபுரம் டிஎஸ்பியையே சிறையில் அடைக்க மாவட்ட நீதிபதி உத்தரவிட்டார். சீருடையில் வந்த அதிகாரியை நீதிமன்றக் காவலுக்கு அனுப்பிய செய்தி அன்று மாலைக்குள் எல்லாக் காலனிகளுக்கும் எட்டிவிட்டது. 'நமக்கும் ஒரு நாள் வந்தது' என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

அந்த மகிழ்ச்சி ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உத்தரவிட்ட நீதிபதி மீது விஜிலென்ஸ் விசாரணைக்கும் உத்தரவிட்டது. அந்த நீதிபதியின் நோக்கம் பற்றி எழுந்த குற்றச்சாட்டுகளுக்குள் நாம் போகவில்லை. அது விசாரணைக்கு உரிய விஷயம். நாம் பார்க்க வேண்டியது சட்டம் என்ன சொல்கிறது என்பதை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கடமை தவறும் அரசு ஊழியரைப் பற்றியது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் ஒருவர், இந்தச் சட்டத்தின்படி செய்ய வேண்டியதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. என்னென்ன கடமைகள் என்பதையும் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வரிசையாகச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். அதன் நகலை உடனே தர வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலம் வாங்க வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. கடமை தவறிய அதிகாரி மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்ய, முதலில் நிர்வாக விசாரணை நடந்து அதன் பரிந்துரை வர வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2024இல் டெல்லி வழக்கு ஒன்றில், அந்தப் பரிந்துரை இல்லாமல் அதிகாரி மீது நடவடிக்கை தொடங்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, நேரே டிஎஸ்பியைச் சிறைக்கு அனுப்பும் குறுக்கு வழி இந்தப் பிரிவில் இல்லை.

ஜமைக்காவில் இதே கேள்வி

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை. கரீபியன் கடலில் ஜமைக்கா என்றொரு தீவு நாடு இருக்கிறது. மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாரிசுகளே அங்கு பெரும்பான்மை. ஏழைக் குடியிருப்புகளில் போலீஸ் துப்பாக்கிக்குச் சாவது அங்கே தீராத துயரம். 2010இல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டு 'இண்டிகாம்' என்ற சுயேச்சையான விசாரணை ஆணையத்தை அமைத்தது. போலீஸும் ராணுவமும் செய்யும் கொலை, சித்திரவதைகளை விசாரிப்பதே அதன் வேலை.

ஆணையம் விசாரணையோடு நிற்கவில்லை. போலீஸ்காரர்களைக் கைது செய்தது, குற்றம் சாட்டியது, தானே வழக்கும் தொடுத்தது. 2013இல் அங்கே பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டவர்கள் 258 பேர். 2014இல் அது 115 ஆகக் குறைந்தது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கேட்க ஆள் இருக்கிறது என்ற பயமும் அதில் ஒன்று என்று பலர் நம்பினார்கள்.

போலீஸ் சங்கம் நீதிமன்றம் போனது. 2013இல் முதல் சுற்றில் ஆணையம் ஜெயித்தது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வழக்கு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1949 வரை பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் கடைசி நீதிமன்றமாக இருந்தது இதுதான். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிக்காரர்களுக்குக் கடைசி வாசல் பாரிஸில் இருந்தது. ஜமைக்காவுக்கு இன்றும் லண்டன்தான். 2020இல் பிரிவி கவுன்சிலும் ஆணையத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

காரணம் எளிமையானது. ஆணைய அதிகாரிகளுக்குப் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரங்களைச் சட்டம் தந்திருந்தது உண்மை. ஆனால் அது விசாரணை நடத்துவதற்காகத் தந்தது. கைது செய்யவும் குற்றம் சாட்டவும் வழக்கு நடத்தவும் அதிகாரம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

தெளிவாக எழுதினால் நடக்குமா? நடக்கும். வட அயர்லாந்தில் 2000 முதல் செயல்படும் போலீஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தின் விசாரணை அதிகாரிகளுக்குப் போலீஸ்காரரையே கைது செய்யும் அதிகாரம் உண்டு. சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. வழக்குத் தொடர்வதா வேண்டாமா என்பதை மட்டும் தனியான அரசு வழக்குத் துறை முடிவு செய்யும்.

நம்மிடம் உள்ள வாசல்கள்

நம் ஊருக்கு வருவோம். 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எஸ்.பி. மற்றும் அதற்கு மேற்பட்ட அதிகாரிகள் மீதான புகார்களுக்கு மாநில ஆணையம். டிஎஸ்பி வரை உள்ளவர்களுக்கு மாவட்ட ஆணையம். தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி இருக்க வேண்டும். துறை நடவடிக்கையோ குற்ற நடவடிக்கையோ எதைப் பரிந்துரைத்தாலும் அது சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கட்டுப்படுத்தும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது அதிகாரம் தரவில்லை.

தமிழ்நாடு 2013இல் இதற்கென ஒரு சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். ஓய்வுபெற்ற நீதிபதி எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. புதுச்சேரியில் காவல்துறை புகார் ஆணையம் இருக்கிறது. அது இருப்பதே நம் காலனிகளில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

அடுத்த வாசல் மனித உரிமை ஆணையம். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அது விசாரிக்கலாம், இழப்பீடு தரச் சொல்லலாம், வழக்குத் தொடரச் சொல்லலாம். 'சொல்லலாம்' என்பதில்தான் சிக்கல் இருந்தது. ஆணையம் சொன்னதை அரசு அலமாரியில் வைத்துப் பூட்டியதே அதிகம். 2021 பிப்ரவரி 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அப்துல் சத்தார் வழக்கில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். ஏற்க முடியாது என்று நினைப்பவர் நீதிமன்றம் போகலாம். கிடப்பில் போட முடியாது. புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. இந்தத் தீர்ப்பை மாணவர்கள் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாசல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம். அரசியல் சட்டத்தின் 338ஆவது பிரிவில் பிறந்தது. விசாரணையின்போது அதற்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. எஸ்.பி.யானாலும் கலெக்டரானாலும் கோப்போடு வா என்று அழைக்கலாம். வராவிட்டால் வரவைக்கலாம். சில சமயம் 'ஆணையம் பிடிவாரண்ட்' என்று செய்தி வரும்போது நம் மக்கள் அதைக் கைது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. விசாரணைக்கு வராத ஆளை இழுத்து வந்து நிறுத்துவது ஒன்று. குற்றம் செய்தவன் என்று பிடித்துச் சிறையில் போடுவது இன்னொன்று. ஆணையத்துக்கு உள்ளது முதல் வகை மட்டுமே. 1996இலேயே உச்ச நீதிமன்றம், இந்த சிவில் அதிகாரம் விசாரணை நடைமுறைக்கு மட்டும் உரியது, தடையாணை போடும் அளவுக்கு நீளாது என்று வரையறுத்துவிட்டது.

நம் நிலை என்ன?

நீதிமன்றங்கள் சொல்லும் அடிப்படை விதியை நாம் எதிர்க்கவில்லை. ஒரு மனிதனைப் பிடித்து அடைக்கும் அதிகாரம் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத அதிகாரத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த விதி தளர்ந்தால் அதன் பாரம் முதலில் யார் தலையில் விழும்? சந்தேகக் கேஸ் என்று இரவில் கதவைத் தட்டுவது எந்தத் தெருவில் என்பது நமக்குத் தெரியாததா? கைதுக்கு வரம்பு வேண்டும் என்று அதிகம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம் வருத்தம் வேறு இடத்தில். டிஎஸ்பியின் சுதந்திரத்துக்கு ஆபத்து என்றதும் ஒரே நாளில் உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்தது. திறந்தது சரி. அதே வேகம் லாக்கப்பில் அடிபட்ட கூலித் தொழிலாளிக்கும் கிடைக்கிறதா? அவருடைய புகார் பல மாதம் மேசை மேசையாக நகர்கிறது.

சட்டத்திலேயே இந்தச் சாய்வு இருக்கிறது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதல்கட்ட விசாரணை வைக்கலாம், கைதுக்கு முன் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடே கொதித்தது. போராட்டத்தில் உயிர்கள் போயின. அதன் பிறகு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, முன்விசாரணையும் ஒப்புதலும் தேவையில்லை என்று எழுதியது. 2020 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. வன்கொடுமை செய்தவனுக்கு இருந்த கேடயம் அப்படி விலகியது. வன்கொடுமையைக் கண்டும் காணாமல் விட்ட அதிகாரிக்கு இருக்கும் கேடயமோ 4ஆவது பிரிவில் அப்படியே இருக்கிறது. நிர்வாக விசாரணையை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நடைமுறையில் போலீஸ் மீதான விசாரணையைப் போலீஸே நடத்துகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமும், அரசு ஊழியரின் பணி தொடர்பான புகாரில் விசாரணைக்கு உத்தரவிடும் முன் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும் என்கிறது. கேடயத்துக்கு மேல் கேடயம்.

வாச்சாத்தி காட்டிய வழி

கைது அதிகாரம் இல்லாத ஆணையத்தால் பயன் இல்லையா என்றால், வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்து மலையடிவாரப் பழங்குடி கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். பெண்களைச் சீரழித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. அப்போதைய தேசிய பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அவர் யாரையும் கைது செய்யவில்லை. பார்த்ததை எழுதினார். சங்கங்களும் கட்சித் தோழர்களும் நீதிமன்றப் படியேறினார்கள். உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இதில் மூன்று கைகள் சேர்ந்தன. உண்மையை எழுத ஒரு ஆணையம், சம்பந்தப்பட்ட துறைக்கு வெளியே இருந்து வந்த விசாரணை, விடாமல் கேட்ட மக்கள். மூன்றில் ஒன்று விலகியிருந்தாலும் வழக்கு நின்றிருக்காது. ஆனால் அதற்கு 31 ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அந்தக் காலத்தைக் குறைப்பதுதான் நம் வேலை.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, 4ஆவது பிரிவின் நிர்வாக விசாரணைக்குக் கெடு வைக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் என்றால், கடமை தவறிய அதிகாரி மீதான விசாரணைக்கும் அதே 60 நாள் போதும். அந்த விசாரணையைக் காவல்துறைக்கு வெளியே உள்ளவர் நடத்த வேண்டும்.

இரண்டு, புகார் ஆணையத்துக்கு சொந்தமாக விசாரணைப் பிரிவு வேண்டும். புகாரை வாங்கி அதே ஸ்டேஷனுக்கு அனுப்பி 'அறிக்கை தருக' என்று கேட்பது, திருடனிடமே சாவியைக் கொடுத்துக் கணக்குக் கேட்பது போல.

மூன்று, ஆணையம் குற்ற நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தால் குறித்த நாளுக்குள் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், போடாவிட்டால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வேண்டும். கைது அதிகாரம் தருவதா என்பதை அதன் பிறகு சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வெளிப்படையாக விவாதிக்கட்டும். தருவதானால் வட அயர்லாந்து போலத் தெளிவாக எழுதித் தரட்டும். ஜமைக்கா போல அரைகுறையாக எழுதினால், போலீஸ் சங்கம் ஒரு வழக்குப் போட்டதும் ஆணையத்தின் உழைப்பு எல்லாம் வீணாகும்.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மக்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 16 பேர் பட்டியல் சாதியினர். வாக்கு கேட்டு வருபவர்களிடம் தெருவிளக்கு, வாய்க்காலோடு சேர்த்து இந்த மூன்றையும் கேட்பது நம் உரிமை.

இன்று செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. காயம்பட்டால் முதலில் மருத்துவமனை. யார் அடித்தது என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். ஸ்டேஷனில் புகார் வாங்க மறுத்தால், வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி அதை எழுத்தில், தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். 4ஆவது பிரிவில் நிர்வாக விசாரணை கேட்கும்போது அதுதான் உங்கள் சாட்சி.

காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. சம்பவம் நடந்த நாள், நேரத்தைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே மனு கொடுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தில் வக்கீல் கேட்கலாம். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. அதைச் செல்போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்புறம் எதுக்கு அந்த ஆணையம்?" என்று கேட்ட மாணவருக்கு நம் பதில் இதுதான். ஆணையத்திடம் விலங்கு இல்லை. பேனா இருக்கிறது. அந்தப் பேனா எழுதியதை அரசு மதித்தே ஆக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எழுதுவதற்கு அதன் மேசையில் ஒரு புகார் இருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவமனையில் டாக்டர் "யார் அடிச்சது?" என்று கேட்கும்போது நம் பிள்ளை தலை குனியாமல் பதில் சொன்னால், அந்தப் புகாரின் முதல் வரி அங்கேயே எழுதப்பட்டுவிடும். அவன் பக்கத்தில் நிற்க, படித்த ஒருவராவது கூடப் போக வேண்டும். சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் நாம் கேட்பது அதைத்தான்.